அம்மி கொத்துகிறவரும் வைரக் கல்லும்

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கிடங்கு வைத்திருக்கும் ஒருவரை மனதில் நிறுத்திக்கொள்வோம். மலையிலிருந்து இறங்கும் ஏலக்காய் மூட்டைகள் அவருடைய கிடங்கில் பிரிக்கப்பட்டு, சல்லடையில் சலிக்கப்பட்டு, 7 மில்லி, 8 மில்லி என்று தரம் பிரிந்து ஏலத்துக்குப் போகின்றன. கிடங்கின் சிமெண்ட் தரைக்குப் பதினைந்து வயது. கூட்டக் கூட்டப் பொடி கிளம்புகிறது, அந்தப் பொடி காயில் போய் உட்காருகிறது. "எபாக்சி பூசிட்டா கண்ணாடி மாதிரி ஆயிரும்" என்று யாரோ யோசனை சொல்ல, பூசுகிற ஆளும் வந்து பார்க்கிறார். "மொதல்ல தரையை கிரைண்டிங் போடணும்ண்ணே. டைமண்ட் கல்லு வாங்கிட்டு வந்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

நம் ஆள் கடைக்குப் போகிறார். கடைக்காரர் மேசைமேல் நான்கைந்து வட்டத் தகடுகளை வரிசையாக வைக்கிறார். ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள், ஒன்று கறுப்பு. அளவு எல்லாம் ஒன்றுதான், விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. "உங்க தரை எப்படிண்ணே இருக்கும்?" என்று கடைக்காரர் கேட்கிறார். "அதையேன் கேக்குறீங்க, இரும்பு மாதிரி இருக்கு. இருக்கிறதுலயே கெட்டியான கல்லாக் குடுங்க" என்கிறார் இவர்.

நீங்களும் நானும் போயிருந்தாலும் அதையேதான் கேட்டிருப்போம். கெட்டியான மரத்துக்கு உறுதியான ரம்பம், கடினமான பாறைக்கு நல்ல எஃகு உளி என்றுதான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறோம். ஆனால் வைரக் கல் விஷயத்தில் கணக்கு தலைகீழ். கெட்டியான தரைக்கு இளகிய கல், இளகிய தரைக்குக் கெட்டியான கல். கேட்டவுடன் நம்ப முடியாது. ஒரு டீ குடிக்கிற நேரம் கொடுத்தால், படிப்படியாக நடந்துபோய் ஏன் இப்படி என்று பார்த்துவிடலாம்.

முதலில், பூசுவதற்கு முன்னால் தரையை எதற்குத் தேய்க்க வேண்டும்? காங்கிரீட் கொட்டி மட்டம் தட்டும்போது கலவையில் இருக்கும் தண்ணீர் மெல்ல மேலே வருகிறது. வரும்போது சிமெண்டின் நுண்துகளையும் மணலின் தூசியையும் சேர்த்துக் கொண்டுவந்து மேலே படிய விடுகிறது. சிமெண்ட் பால் என்கிறோமே, அதுதான். காய்ந்ததும் அது தரையின் மேல் மெல்லிய, பலமில்லாத ஒரு தோலாக நிற்கிறது. காய்ச்சிய பாலின் மேல் ஏடு நிற்பது போல. அந்த ஏட்டின்மேல் எபாக்சியைப் பூசினால் எபாக்சி ஏட்டைத்தான் பிடித்துக்கொள்ளும், தரையைப் பிடிக்காது. நாலு மாதத்தில் தள்ளுவண்டிச் சக்கரம் உருளுகிற இடத்தில் ஏடும் எபாக்சியுமாகச் சேர்ந்து உரிந்து வரும்.

இன்னொரு காரணமும் உண்டு. காங்கிரீட் தூண், உத்திரம் இவற்றின்மேல் சிமெண்ட் பூசுவதற்கு முன்னால் கொத்தனார் என்ன செய்கிறார்? சுத்தியலும் உளியுமாகக் கொத்துப் போடுகிறார். வழுவழுப்பான பரப்பில் பூச்சு நிற்காது, சொரசொரப்பில்தான் கால் ஊன்றும். கிரைண்டிங் என்பதும் ஒரு வகையில் தரை முழுக்க நுணுக்கமாகக் கொத்துப் போடுவதுதான். ஆக, ஏட்டை எடுக்க வேண்டும், அடியில் இருக்கும் நல்ல காங்கிரீட்டைச் சொரசொரப்பாக்க வேண்டும். வேலை இந்த இரண்டும்தான்.

தரை தேய்ப்பது நமக்குப் புதிதல்ல. மொசைக் தரை போட்ட வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாலிஷ் மிஷினின் இரைச்சலும், வீடெங்கும் ஓடிய சாம்பல் நிறச் சேறும் நினைவிருக்கும். அந்த மிஷினின் அடியில் மாட்டியது கார்போரண்டம் கல். மணலின் மூலப்பொருளான சிலிக்கானும் கரியும் சேர்ந்த சேர்மம் அது. அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் 1891-ல் கண்டுபிடித்தது. சென்னையின் முருகப்பா குழுமம் வெளிநாட்டுக் கூட்டாளிகளுடன் 1954-ல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் பெயரிலேயே அந்தக் கல் இருக்கிறது. பாலிஷ் போடுகிறவர் அவ்வப்போது மிஷினைச் சாய்த்து, தேய்ந்துபோன கல்லை எடுத்துவிட்டுப் புதுக் கல்லை மாட்டுவார். கல் தேய்வதைக் கண்டு அப்போது யாரும் புகார் சொன்னதில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதே 1954-ன் டிசம்பரில் இன்னொன்றும் நடந்தது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் டிரேசி ஹால் என்பவர் கரியை மிகப் பெரிய அழுத்தத்திலும் வெப்பத்திலும் வைத்து, மீண்டும் மீண்டும் செய்து காட்டக்கூடிய முறையில் செயற்கை வைரம் செய்தார். இன்று தொழிற்சாலைகளில் பயன்படும் வைரத் துகள் ஏறக்குறைய முழுவதும் இப்படிச் செய்ததுதான். ஆகவே கடையில் இருக்கும் தகட்டைப் பார்த்து, நகைக்கடை வைரம் இதற்குள் எப்படி வந்தது என்று மலைக்க வேண்டாம். உள்ளே இருப்பது ரவை அளவிலும் அதைவிடச் சன்னமாகவும் உள்ள, பார்க்க மங்கலான மஞ்சள் பொடி. கடினம் மட்டும் குறையாது. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் மணலின் குவார்ட்ஸுக்கு 7 என்றால் வைரத்துக்கு உச்சமான 10.

இப்போது தகட்டைத் திருப்பிப் பார்ப்போம். இரும்புத் தகட்டின்மேல் விரல் கணு அளவில் சில உலோகக் கட்டிகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. கடைமொழியில் இதற்கு செக்மெண்ட் என்று பெயர். நாம் பல் என்று சொல்லிக்கொள்வோம், ஏனென்றால் கடிப்பது இதுதான். பல் முழுக்க வைரம் இல்லை. கோபால்ட், இரும்பு, செம்பு, வெள்ளீயம் போன்ற உலோகத் தூள்களில் வைரப் பொடியைக் கலந்து, அச்சில் அழுத்தி, சூடேற்றி இறுக்கிய கட்டி அது. வைரம் அதில் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் உலோகம்.

கோவில்பட்டிக் கடலை மிட்டாயை நினைத்துக்கொள்ளுங்கள். கடலைதான் வைரம், வெல்லப்பாகுதான் உலோகம். பாகு இல்லையென்றால் கடலை உதிர்ந்துவிடும். பாகு கடலையை முழுக்க மூடிவிட்டாலோ, நாக்கில் பாகுதான் படும், கடலை படாது. மிட்டாயைச் சப்பச் சப்ப மேலே இருக்கும் பாகு கரைகிறது, கடலை மெல்லத் தலை நீட்டுகிறது. வைரப் பல்லிலும் இதேதான் நடக்க வேண்டும். இந்த உலோகப் பாகைத்தான் கடைக்காரர்கள் பாண்ட் என்கிறார்கள். சாஃப்ட் பாண்ட் என்றால் இளம்பாகு, ஹார்ட் பாண்ட் என்றால் கெட்டிப்பாகு. வைரம் இரண்டிலும் வைரம்தான். கடினத்தில் மாறுவது பாகின் பதம் மட்டுமே. நம் ஆள் "கெட்டியான கல்" என்று கேட்டபோது கெட்டியான வைரத்தைக் கேட்டதாக நினைத்தார். உண்மையில் அவர் கேட்டது கெட்டிப்பாகு.

தலை நீட்டிய வைரம் தரையைக் கீறுகிறது. கீறிக் கீறி அதன் கூர்முனை மழுங்குகிறது. சில சமயம் வைரம் சில்லாக உடைந்து புது முனை காட்டும். ஒரு கட்டத்தில் முழுக்க மழுங்கிப்போகும். அப்போது அது பல்லிலிருந்து விழுந்துவிட வேண்டும். அதைச் சுற்றியுள்ள பாகு தேய்ந்து, அடியில் காத்திருக்கும் அடுத்த வைரம் மேலே வர வேண்டும். வரிசையில் முன்னால் நிற்பவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு நகர்ந்தால்தானே அடுத்தவர் கவுண்டருக்கு வர முடியும்? நகராமல் அவரே நின்றுகொண்டிருந்தால் வரிசை முழுக்க நிற்கும்.

சரி, பாகைத் தேய்ப்பது யார்? தரைதான். வைரம் கீறும்போது தரையிலிருந்து பொடி கிளம்புகிறதே, அந்தப் பொடிதான் பாகுக்கு உப்புத்தாள். வைரம் தரையை அரைக்கிறது, தரையின் பொடி பாகை அரைக்கிறது. இந்த இரண்டாவது அரைப்பு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் எல்லோரும் இந்த இடத்தில் வழுக்கி விழுகிறோம்.

இளகிய தரையை எடுத்துக்கொள்வோம். சரியாகத் தண்ணீர் காட்டாமல் விட்ட தரை, சிமெண்ட் குறைத்துப் போட்ட தரை. வைரம் தொட்டவுடன் மணல் மணலாக உதிர்கிறது. முழு மணலும் முனை கூராக நிறைய வருகிறது. இந்த முரட்டு மணல் பாகைப் பாடாய்ப் படுத்தும். பாகு இளகியதாக இருந்தால் ஒரே நாளில் கரைந்துபோகும். வேலை செய்யத் தெம்புள்ள வைரமும் பிடிமானம் இல்லாமல் உதிர்ந்து தூசியோடு போய்விடும். காலையில் மாட்டிய பல் சாயங்காலம் தகட்டோடு தகடாகத் தேய்ந்திருக்கும். ஆகவே இளகிய தரைக்குக் கெட்டிப்பாகு.

இப்போது கெட்டித் தரை. நெருக்கமாக இறுகிய காங்கிரீட்டில் மணல் உதிராது. வைரம் கீறும்போது மாவு மாதிரிச் சன்னப் பொடி கொஞ்சமாக வரும். அந்த மாவுக்குப் பாகைத் தேய்க்கும் பலம் கிடையாது. பாகும் கெட்டியாக இருந்துவிட்டால் முடிந்தது கதை. முதல் வரிசை வைரம் மழுங்கும், பாகு தேயாது, அடுத்த வரிசை மேலே வராது. மிஷின் சுற்றும், சத்தம் வரும், கரண்டு ஓடும், தரை மட்டும் அப்படியே இருக்கும். பல்லைத் தொட்டுப் பார்த்தால் வழுவழுவென்று பளபளக்கும். தொழிலில் இருப்பவர்கள் இதைக் கிளேஸ் ஆகிவிட்டது என்பார்கள்.

நம் பாட்டிக்கு இது நன்றாகத் தெரியும். அரைத்து அரைத்து அம்மி வழுவழுப்பாகிவிட்டால் மிளகாய் வழுக்கிக்கொண்டு ஓடுமே தவிர அரைபடாது. அம்மி என்னவோ அதே கருங்கல்தான், கடினத்தில் துளி குறையவில்லை. குறைந்தது சொரசொரப்பு. தெருவில் அம்மி கொத்துகிறவர் குரல் கேட்டதும் பாட்டி கூப்பிடுவார். அவர் உளியால் கொத்திக் கொத்தி மேல் பரப்பைச் சிதைத்து, புது முனைகளைக் கொண்டுவந்துவிட்டுப் போவார். வழுக்கிப்போன வைரப் பல்லும் கொத்தாத அம்மிதான்.

இளம்பாகின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. கெட்டித் தரையின் சன்னப் பொடிகூட அதைத் தேய்த்துவிடும். மழுங்கிய வைரம் விழும், புது வைரம் எழும். தன்னைத் தானே கொத்திக்கொள்ளும் அம்மி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் கெட்டித் தரைக்கு இளகிய கல். மொசைக் பாலிஷ் போட்டவர் கார்போரண்டம் கல் தேய்வதைப் பற்றிக் கவலைப்படாததும் இதனால்தான். வைரம் என்ற பெயர் வந்ததும், தேயக் கூடாது என்று நாம் எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டோம். வைரப் பல்லும் தேய வேண்டும், அளவாகத் தேய வேண்டும்.

அப்படியென்றால் என் தரை கெட்டியா இளகியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பலரும் "எம் 25 காங்கிரீட்ங்க" என்று பதில் சொல்வார்கள். அந்த எண் வேறு ஒன்றைச் சொல்கிறது. 15 சென்டிமீட்டர் கனசதுரமாக வார்த்து, 28 நாள் கழித்து அழுத்திப் பார்த்தால் சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் தாங்கும் என்பதுதான் எம் 25. அது உடம்பின் பலம். நாம் தேய்க்கப் போவது தோலை. ஒரே எம் 25 கலவையை ஒருவர் அவசரமாகக் கரணையால் இழுத்துவிட்டுப் போனால் தோல் இளகியிருக்கும். இன்னொருவர் டிரிமிக்ஸ் முறையில் தண்ணீரை உறிஞ்சி எடுத்து, பவர் ட்ராவல் மிஷினால் இறுக்கி, மேலே ஹார்ட்னர் தூவி முடித்தால் தோல் இரும்பு மாதிரி இருக்கும்.

ஆகவே தோலையே கேட்போம். ஒரு இரும்பு ஆணியை எடுத்து, கொஞ்சம் அழுத்தி, தரையில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ஆழமாகப் பள்ளம் விழுந்து மணல் உதிர்ந்தால் இளகிய தரை. லேசான வெள்ளைக் கோடு விழுந்து மாவு வந்தால் நடுத்தரம். கோடே விழாமல் ஆணியின் இரும்புதான் கறுப்பாக இழுபட்டால் கெட்டித் தரை. இதையே துல்லியமாகச் செய்ய, மோஸ் கீறல் பேனா என்று 2 முதல் 9 வரை எண்ணிட்ட முனைகள் கிடைக்கின்றன. 4-ம் எண்ணுக்கே கீறல் விழுந்தால் இளகியது, 5, 6 என்றால் நடுத்தரம், 7-க்கு மேல்தான் விழுகிறது என்றால் கெட்டி என்பது கைக்கணக்கு. ஒரே இடத்தில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். வாசல், நடு, மூலை என்று நாலைந்து இடத்தில் கீறிப் பாருங்கள். ஒரு கிடங்குக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பதம் இருப்பது சகஜம்.

ஆழமாகத் தேய்ப்பதாக இருந்தால் இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். தோல் போனபின் உள்ளே இருக்கும் ஜல்லி முகம் காட்டும். கம்பம் பள்ளத்தைச் சுற்றிய மலைகளில் சார்னோகைட் என்ற கரும்பாறை ஏராளம். நியூட்ரினோ ஆய்வகத்துக்காகப் பொட்டிப்புரம் பக்கம் போடி மேற்கு மலையைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்தப் பாறையின் உறுதியும் ஒரு காரணம். பெயர்க்கதை வேடிக்கையானது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் இருந்த கல், சென்னைக்குப் பக்கத்துப் பல்லாவரத்துப் பாறையைச் சேர்ந்தது. அந்தக் கல்லை வைத்துத்தான் 1893-ல் ஹாலண்ட் என்ற புவியியலாளர் இந்தப் பெயரை வைத்தார். நமக்கு வேண்டிய சேதி ஒன்றுதான். மேல் தோல் இளகியிருந்து கெட்டிப்பாகுப் பல்லோடு வேலையைத் தொடங்கினாலும், இப்படிப்பட்ட ஜல்லி தலைகாட்டியதும் பல் வழுக்க ஆரம்பிக்கலாம். அப்போது பதத்தை மாற்ற வேண்டிவரும்.

பாகு ஆயிற்று, இனி வைரத் துகளின் அளவுக்கு வருவோம். தகட்டில் 16, 30, 60, 120 என்று எண்கள் இருக்கும். இதுதான் கிரிட். ஏலக்காய்க்காரருக்கு இது குழப்பும். அவருக்கு 7 மில்லியைவிட 8 மில்லி பெரிய காய். இங்கே எண் பெருகப் பெருகத் துகள் சிறுத்துக்கொண்டே போகும். தேனி நூல் மில்லில் வேலை பார்த்தவருக்கு விளக்கமே தேவையில்லை. 40-ம் நம்பர் நூலைவிட 80-ம் நம்பர் நூல் சன்னம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் நூல் ஓடுகிறது என்பது அந்தக் கணக்கு. இங்கே ஒரு அங்குல நீளச் சல்லடையில் எத்தனை கண் என்பது கணக்கு. கண் கூடினால் கண் சிறுக்கும், அதன் வழியே விழுகிற துகளும் சிறுக்கும்.

பழைய தடிப்பையும் மேடுபள்ளத்தையும் எடுக்க 16 முதல் 30 வரை உள்ள முரட்டுத் துகள். எபாக்சிக்காகத் தரையைத் தயார் செய்ய 30 அல்லது 40 பெரும்பாலும் போதும். சன்னப் பூச்சு என்றால் 60, 80. அதற்கு மேலே போவது தரையையே பளபளப்பாக்கிப் பாலிஷாக விடுகிறவர்களுக்கு. பூசப் போகிறவர் அங்கே போகக் கூடாது. "இன்னும் கொஞ்சம் வழவழன்னு தேய்ச்சுருப்பா" என்று வீட்டுக்காரர் ஆசையாகச் சொன்னால், கொத்துப் போட்ட தூணை நினைவுபடுத்திவிடுங்கள்.

எவ்வளவு சொரசொரப்பு வேண்டும் என்பதற்குக் கண்மதிப்பு வேண்டியதில்லை. காங்கிரீட் பழுதுபார்ப்புக்கான சர்வதேச நிறுவனமான ஐ.சி.ஆர்.ஐ. பத்து மாதிரித் தகடுகள் வைத்திருக்கிறது. 1 என்றால் ஏறக்குறைய வழவழப்பு, 10 என்றால் கரடுமுரடான பாறை மாதிரி. தகட்டைத் தரையின் பக்கத்தில் வைத்துத் தடவிப் பார்த்து ஒப்பிட வேண்டியதுதான். பெயிண்ட் போன்ற சன்னப் பூச்சுக்கு 1 முதல் 3 வரை. தடித்த பூச்சுக்கு அதற்கு மேல். வைரத் தகடு பொதுவாக 3-க்குள் நின்றுவிடும். அதைவிட முரடாக வேண்டுமென்றால் எஃகுக் குண்டுமணிகளை விசிறியடிக்கும் ஷாட் பிளாஸ்டிங் போன்ற வேறு வழிக்குப் போக வேண்டும். பூச்சு டப்பாவோடு வரும் தாளில் எந்த எண் வேண்டும் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாவதாகப் பல்லின் எண்ணிக்கை. பல் அதிகம் இருந்தால் அதிகம் கடிக்கும் என்று தோன்றும். வயலில் நடந்து பார்த்தவர்கள் ஏமாற மாட்டார்கள். நடவுக்குத் தயாரான சேற்றில் மாடு நடந்தால் குளம்பு ஆழப் பதியும், அதே சேற்றில் பரம்புப் பலகை வழுக்கிக்கொண்டு போகும். எடை ஒரு புள்ளியில் இறங்குகிறதா, பரவி இறங்குகிறதா என்பதுதான் வித்தியாசம். மிஷினின் தலையில் 120 கிலோ இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டு பல் இருக்கும்போது பல்லுக்குப் பத்து கிலோ. ஆறு பல்லாகக் குறைத்தால் இருபது கிலோ. பல் குறைந்தால் கடி ஆழம், கீறலும் ஆழம். பல் கூடினால் கடி மென்மை, தரையும் சீராக வரும். கெட்டித் தரையில் வைரம் இறங்க மறுத்தால் பல்லைக் குறைப்பது ஒரு நல்ல வழி.

தரைமேல் பழைய பெயிண்ட், டைல்ஸ் ஒட்டிய பசை, பழைய எபாக்சி இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. தேய்க்கும் சூட்டில் பசை இளகி வைரங்களுக்கு இடையில் அப்பிக்கொள்ளும். தேங்காய்த் துருவியில் வெல்லத்தைத் துருவினது போல ஆகிவிடும். இதற்குப் பிசிடி என்ற வேறு பல் இருக்கிறது. வைரத் துகள்களையே ஒன்றாக இறுக்கிச் செய்த பெரிய சில்லு, கத்தி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். அது அரைப்பதில்லை, சுரண்டுகிறது. தோசைக்கல்லில் ஒட்டியதைத் தோசைத்திருப்பியால் சுரண்டி எடுத்துவிட்டு அப்புறம் தேய்த்துக் கழுவுவோமே, அந்த வரிசைதான். முதலில் பிசிடி, பிறகு வைரப் பல்.

வேலையின் நடுவில் பல் வழுக்கிவிட்டால் உடனே புதுத் தகடு வாங்க ஓட வேண்டாம். தரையில் காய்ந்த மணலைக் கொஞ்சம் தூவி, அதன்மேல் மிஷினை ஓட்டிப் பாருங்கள். முரட்டு மணல் பாகைத் தேய்த்து வைரத்தைத் திறந்துவிடும். மணல்தான் இங்கே அம்மி கொத்துகிறவர். ஐந்து நிமிஷத்தில் மறுபடி வழுக்கினால் பதம் தப்பு என்று அர்த்தம், இன்னும் இளகிய பாகுக்கு மாறிவிட வேண்டியதுதான். மிஷினை நிறுத்தி, பல் ஆறியபின் விரலால் தடவிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சொரசொரப்பாக, கொஞ்சம் உரசுகிற மாதிரி இருந்தால் எல்லாம் சரி. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு வைரத்துக்கும் பின்னால் பாகு சின்ன வால் மாதிரி மிச்சம் நிற்பதுகூடத் தெரியும். வைரத்துக்கு முட்டுக்கொடுப்பது அந்த வால்தான்.

சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று பார்த்தோமே, அந்த நிறங்களுக்குப் பொது விதி கிடையாது. ஒரு நிறுவனத்தின் சிவப்பு இளம்பாகாக இருக்கும், இன்னொன்றின் சிவப்பு கெட்டிப்பாகாக இருக்கும். போன தடவை சிவப்பு நன்றாக வேலை செய்தது என்று வேறு கம்பெனிச் சிவப்பை வாங்கிவந்து நொந்துகொள்ளாதீர்கள். நிறத்தைக் கேட்காமல் பாண்டைக் கேளுங்கள்.

தூசியைப் பற்றிச் சொல்லாமல் எழுந்தால் பாவம். காங்கிரீட் பொடியில் இருப்பது மணலின் சிலிக்கா. கண்ணுக்குத் தெரிகிற பொடி மூக்கிலேயே நின்றுவிடும். தெரியாத சன்னப் பொடிதான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கி சிலிக்கோசிஸ் என்ற நோயைத் தருகிறது. அதற்குக் குணமாக்கும் மருந்து இல்லை. புற்றுநோய் தரும் பொருள்களின் பட்டியலில் 1997-லேயே சிலிக்கா தூசி முதல் வகுப்பில் சேர்ந்துவிட்டது. மிஷினோடு தூசி உறிஞ்சும் வாக்குவம் இருக்க வேண்டும், அல்லது தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும். வேலை செய்கிறவர் முகத்தில் கைக்குட்டை போதாது, என்95 முகமூடி வேண்டும். தண்ணீர் விட்டு அரைத்த சேற்றைச் சாக்கடையில் தள்ளாதீர்கள், குழாய்க்குள் இறுகிக்கொள்ளும். தரை நன்றாகக் காயும்வரை எபாக்சிக்கும் கை வைக்கக் கூடாது. ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் தாளை நாலு பக்கமும் ஒட்டி 16 மணி நேரம் விட்டு எடுத்துப் பாருங்கள். அடியில் வேர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஈரம் இன்னும் இருக்கிறது.

கடைசியாகக் காசுக் கணக்கு. தகட்டின் விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஒரு செட் பல் எத்தனை சதுர அடி தேய்த்தது, அதற்கு எத்தனை மணி நேரக் கூலியும் கரண்டும் போனது என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். வழுக்கிப்போன பல் வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும், செலவு முழுக்கக் கூலியில் போய்விடும். அளவாகத் தேய்கிற பல் தீர்ந்துபோகும், தீர்வதற்குள் கிடங்கும் முடிந்திருக்கும்.

நம் ஏலக்காய்க்காரர் இன்னும் கடையில்தான் நிற்கிறார். அவருக்கு இப்போது நாம் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அண்ணே, மொத்தமாக வாங்காதீர்கள். முதலில் ஆணியால் நாலு இடத்தில் கீறிப் பார்த்துவிட்டு வாருங்கள். "தரையில கோடே விழலைங்க, மேல பழைய பெயிண்ட் இல்லை, எபாக்சி பூசப் போறோம், எந்த பாண்ட், எந்த கிரிட் சரியா வரும்?" என்று கேட்டு ஒரே ஒரு செட் வாங்குங்கள். கிடங்கின் ஒரு மூலையில் பத்துக்குப் பத்து அடி தேய்த்துப் பல்லைத் தொட்டுப் பாருங்கள். அது சொரசொரப்பாக இருந்தால் மிச்சத்துக்கும் அதையே வாங்கிக்கொள்ளலாம். மிஷின் பிடிக்கிற தம்பிக்கு ஒரு நல்ல முகமூடியையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.